கொமடோர் 64-க்குப் புது ரோம் சிப்: 24 கால் இடத்தில் 28 கால் எப்படி உட்காரும்?

கொமடோர் 64 கணினியின் ஸ்விட்சைப் போட்ட கணத்தில் அதன் செயலிக்கு எதுவுமே தெரியாது. திரை இருப்பது தெரியாது, விசைப்பலகை இருப்பது தெரியாது. ரேம் நினைவகத்தில் கிடப்பதெல்லாம் குப்பை. பிறவியிலேயே வந்த ஒரே ஒரு பழக்கம்தான் அதற்கு உண்டு: 65532, 65533 என்ற இரண்டு முகவரிகளில் என்ன எண்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. அங்கே 226, 252 என்று இருக்கும். இரண்டாவதை 256-ஆல் பெருக்கி முதலாவதைக் கூட்டினால் 64738. அதாவது, ‘64738-க்குப் போ, அங்கே எழுதியிருப்பதைச் செய்’. அந்தக் காலத்தில் இந்தக் கணினியை வைத்திருந்தவர்கள் ‘சிஸ் 64738’ என்று தட்டித்தான் அதை மறுபடி முதலிலிருந்து கிளப்புவார்கள். அந்த எண் வந்தது இங்கிருந்துதான்.

மின்சாரம் இல்லாமல் பல மாதம் அலமாரியில் கிடந்தாலும் இந்த இரண்டு எண்களும் அழியக் கூடாது. அதற்காகவே இருப்பது ரோம் சிப். அது செத்துப்போனால் செயலிக்கு வழி சொல்ல ஆளில்லை. திரை கறுப்பாகவே நிற்கும். 1982-இல் விற்பனைக்கு வந்த கணினி இது. கொமடோர் நிறுவனம் 1994-இல் மூடப்பட்டது. அந்த ரோம் சிப்பை இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை. ஆனால் அதற்குள் இருந்த எண்கள் எங்கும் போய்விடவில்லை. அதே எண்களை வேறொரு சிப்பில் எழுதி அதே இடத்தில் உட்கார வைக்கலாம். அதை எப்படிச் செய்வது, எங்கே தடுக்கி விழுவோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மூன்று சிப், மூன்று வேலை

பழைய கொமடோர் 64 பலகையில் ரோம் சிப்கள் மூன்று. பலகையிலேயே யு3, யு4, யு5 என்று அச்சிட்டிருக்கும். யு3 பேசிக் மொழி, 8 கிலோபைட். யு4 கெர்னல், அதுவும் 8 கிலோபைட். கணினியைத் துவக்குவது, விசைப்பலகையைப் படிப்பது, டிஸ்க் டிரைவோடு பேசுவது எல்லாம் இதன் பொறுப்பு. யு5 எழுத்துகளின் வடிவம், 4 கிலோபைட். பிற்காலப் பலகைகளில் பேசிக்கையும் கெர்னலையும் சேர்த்து 16 கிலோபைட்டில் ஒரே 28 கால் சிப்பாக்கிவிட்டார்கள். அதனால் எதையும் வாங்கும் முன்பு மூடியைத் திறந்து உங்களிடம் இருப்பது எந்தப் பலகை என்று பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரை பழைய பலகையைப் பற்றியது.

எழுத்து ரோமைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் புரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் 8 பைட். ஒவ்வொரு பைட்டும் எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு வரி. ஆங்கில எல் எழுத்துக்கு உள்ளே இருப்பவை இந்த எண்கள்: 96, 96, 96, 96, 96, 96, 126, 0. 96-ஐ இரும எண்ணாக எழுதினால் 01100000. அதாவது இடதுபக்கம் இரண்டு புள்ளி. 126 என்றால் 01111110, கீழே ஒரு நீளக் கோடு. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், நம்முடைய ‘ட’ வந்து நிற்கும். ரோம் சிப் என்பது இவ்வளவுதான்: முகவரியைக் கொடுத்தால் அந்த இடத்தில் இருக்கும் எண்ணைத் தரும் ஒரு பெரிய அட்டவணை. எந்த நிறுவனம் செய்தது, எந்த வருடத்தில் செய்தது என்பதெல்லாம் செயலிக்குத் தெரியாது. கேட்ட முகவரிக்குச் சரியான எண்ணை, சரியான நேரத்துக்குள் கொடுத்தால் போதும்.

கெர்னல் துவங்கியதும் செய்கிற வேலைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ரேம் எவ்வளவு இருக்கிறது என்று அது அளக்கும். 1024-ஆம் முகவரியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணை எழுதி, அதையே திரும்பப் படித்து, அப்புறம் வேறோர் எண்ணை எழுதி அதையும் படித்து ஒப்பிட்டுக்கொண்டே போகும். 40960-க்கு வந்ததும் எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று என்று ஆகிவிடும். ஏனென்றால் அங்கே படிக்கக் கிடைப்பது பேசிக் ரோம். அது நாம் எழுதியதை ஏற்றுக்கொள்ளாது. ‘சரி, நமது ரேம் இங்கே முடிகிறது’ என்று கெர்னல் முடிவு செய்யும். பேசிக் நிரல்கள் 2049-இல் தொடங்கும். 40960-இலிருந்து 2049-ஐக் கழித்தால் 38911. துவக்கத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வருகிறதே, அந்த எண் இதுதான். ஒரு ரோம் சிப் அசையாமல் நின்றதால் கிடைத்த எண்.

முதலில் ரோம்தானா என்று பாருங்கள்

கறுப்புத் திரை வந்தவுடன் ரோமைக் கழற்ற ஓடாதீர்கள். கறுப்புத் திரைக்குக் காரணங்கள் ஏராளம், அவற்றில் ரோம் முதல் இடத்தில் இல்லை. முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். கொமடோர் 64 உடன் வந்த செங்கல் போன்ற அந்த மின் அடாப்டர் ஒரு முனையில் 5 வோல்ட் நேர்மின்னோட்டமும் இன்னொரு முனையில் 9 வோல்ட் மாறுமின்னோட்டமும் தரும். வயதாகிவிட்டால் அதன் ரெகுலேட்டர் கெட்டு, 5 வோல்ட் கோடு மேலே ஏறிவிடும். அப்படி ஏறினால் ரேம் சிப்களும் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கருகும். மல்டிமீட்டரில் 5.25 வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் அந்த அடாப்டரை அன்றோடு ஓரம் கட்டிவிடுங்கள். நல்ல அடாப்டர் இல்லாமல் புது ரோமை மாட்டுவது அந்தப் புது ரோமையும் சேர்த்துப் பலி கொடுப்பதுதான்.

அடுத்த சந்தேகம் பிஎல்ஏ சிப். எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அது. நன்றாகச் சூடாகும், அடிக்கடி சாகும். பிஎல்ஏ செத்தால் ரோம் நன்றாக இருந்தாலும் அதை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ரோமை வேறுபடுத்திக் காட்ட ஒரு நல்ல வழி கார்ட்ரிட்ஜ், அதாவது கணினியின் பின்பக்கம் செருகும் நிரல் பெட்டி. சில கார்ட்ரிட்ஜ்கள் கெர்னலை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு அதன் இடத்தில் தாங்களே அமர்ந்துகொள்ளும். கொமடோர் தன் பழுதுபார்ப்போருக்காகச் செய்த ‘டெட் டெஸ்ட்’ கார்ட்ரிட்ஜ் அப்படிப்பட்டது. அது ஓடி, ரேமும் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிட்டால், செயலியும் திரைச் சிப்பும் உயிரோடு இருக்கின்றன. சந்தேகம் ரோம் பக்கம் குறுகிவிடும். யு5 கெட்டால் அடையாளம் வேறு: நீலத் திரை வரும், ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடும் கட்டமுமாகக் குப்பை தெரியும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். சிப் சாக்கெட்டில் இருந்தால் மெதுவாக நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். நாற்பது வருடப் பழுப்பு படிந்த கால்கள்தான் பிரச்சினை என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

கல்வெட்டும் சிலேட்டும்

அசல் பேசிக், கெர்னல் சிப்களின் வகை 2364. இதை மாஸ்க் ரோம் என்பார்கள். சிப்பைத் தயாரிக்கும்போதே, அச்சுத் தகட்டிலேயே எண்கள் பதிந்துவிடும். கல்வெட்டு மாதிரி, பிறகு ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது. ஆயிரக்கணக்கில் செய்தால் மிக மலிவு, ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது. அதனால்தான் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை.

நமக்குக் கை கொடுப்பது ஈப்ரோம், அதாவது நாமே எழுதி, அழித்து, மறுபடி எழுதக்கூடிய ரோம். இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்து 1971-இல் வெளிவந்தது. முதல் சிப்பான 1702-இல் 2048 பிட், அதாவது வெறும் 256 பைட்தான் கொள்ளும். தத்துவம் அழகானது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சின்ன உலோகத் தீவு போன்ற பகுதி, சுற்றிலும் மின்சாரம் கடக்காத கண்ணாடிப் படலம். அதிக மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் படலத்தைத் தாண்டி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியே வர வழியில்லை, பல வருடம் அங்கேயே இருக்கும். சிக்கிய இடம் 0, சிக்காத இடம் 1. ஆகவே காலியான ஈப்ரோமைப் படித்தால் எல்லா இடத்திலும் 255 என்று வரும்.

அழிப்பதற்குப் புறஊதா ஒளி. சிப்பின் தலையில் குவார்ட்ஸ் ஜன்னல் ஒன்று இருக்கும். அதற்குச் சரியான விளக்கை ஓர் அங்குலத் தொலைவில் பிடித்தால் 15 முதல் 20 நிமிடத்தில் சிலேட்டைத் துடைத்த மாதிரி ஆகிவிடும். நேரடி வெயிலில் வைத்தால்கூட ஒரு வாரத்தில் அழியும், டியூப் லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் என்று தயாரிப்பாளர் குறிப்புகளே சொல்கின்றன. அதனால் எழுதி முடித்ததும் ஜன்னல்மேல் ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும். விளக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய டபிள்யூ27சி512 மாதிரியான சிப்கள் இருக்கின்றன. முதல்முறை செய்பவருக்கு நான் அதையே சொல்வேன். தப்பாக எழுதினாலும் சில நொடிகளில் அழித்து மறுபடி எழுதலாம்.

எந்தச் சிப் வாங்குவது என்பதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று வேகம். கொமடோர் 64-இன் செயலி சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதிலும் பாதி நேரத்தைத் திரைச் சிப் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் சுமார் 500 நானோநொடி. 200 நானோநொடிச் சிப் தாராளமாகப் போதும். இன்னொன்று எழுதும் மின்னழுத்தம். 8 கிலோபைட் ஈப்ரோமான பழைய 2764 சிப்கள் பலவற்றுக்கு 21 வோல்ட் வேண்டும், சிப்பில் எண்களை எழுதும் மலிவு விலை புரோகிராமர் கருவிகள் எல்லாமே அதைத் தராது. 27சி64 என்று நடுவில் ‘சி’ போட்டிருந்தால் பெரும்பாலும் 13 வோல்ட்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

கால் கணக்கு

இனிதான் உண்மையான சிக்கல். 2364 சிப்புக்கு 24 கால். எப்படி 24? 8192 பைட்டில் ஒன்றைச் சுட்டிக்காட்ட 13 முகவரிக் கோடுகள் வேண்டும், 0 முதல் 12 வரை. எண் வெளியே வர 8 தரவுக் கோடுகள். மின்சாரத்துக்கு இரண்டு. ‘உன்னைத்தான் கேட்கிறேன்’ என்று சொல்லும் தேர்வுக் கோடு ஒன்று. 13, 8, 2, 1: கூட்டினால் சரியாக 24. ஒரு கால்கூட மிச்சமில்லை. ஈப்ரோமுக்கு எழுதும் மின்னழுத்தத்துக்கு ஒன்று, எழுதச் சொல்லும் சைகைக்கு ஒன்று, வெளியீட்டைத் திறக்க ஒன்று என்று கூடுதலாக வேண்டும். அதனால் 2764 வகை 28 காலாகிவிட்டது.

நல்லவேளையாக இரண்டின் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. 28 கால் சிப்பின் அடிப்பக்கத்தைச் சாக்கெட்டின் அடிப்பக்கத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மேலே 1, 2, 27, 28 ஆகிய நான்கு கால்கள் சாக்கெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஈப்ரோமின் 3-ஆம் கால் சாக்கெட்டின் 1-ஆம் துளையில், 26-ஆம் கால் 24-ஆம் துளையில். இப்படி வைத்தால் கீழே இருக்கும் தரவுக் கோடுகள், தரை (கிரவுண்ட்), முகவரிகளில் பெரும்பாலானவை எல்லாம் தாமாகவே பொருந்திவிடும்.

பொருந்தாதவை சில மட்டும். சாக்கெட்டின் 18-ஆம் துளையில் வருவது 11-ஆம் முகவரிக் கோடு. அது ஈப்ரோமின் 23-ஆம் காலுக்குப் போக வேண்டும். சாக்கெட்டின் 21-ஆம் துளையில் வருவது 12-ஆம் முகவரிக் கோடு. அது ஈப்ரோமின் 2-ஆம் காலுக்குப் போக வேண்டும். தேர்வுக் கோடான 20-ஆம் துளை, ஈப்ரோமின் 22-ஆம் காலுக்குத் தானாகவே போய்விடும். அதையே 20-ஆம் காலுக்கும் ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். அப்புறம் 5 வோல்ட்: சாக்கெட்டின் 24-ஆம் துளையிலிருந்து ஈப்ரோமின் 28, 27, 1 ஆகிய மூன்று கால்களுக்கும். அவ்வளவுதான். நேராக நிற்கக் கூடாதவை ஈப்ரோமின் 20, 23 ஆகிய இரண்டு கால்கள். இந்த வேலையைச் செய்து தரும் குட்டி அடாப்டர் பலகைகள் கிடைக்கின்றன. கையால் செய்வதானால் ஈப்ரோமின் கால்களை வளைக்காமல், ஒரு 28 கால் சாக்கெட்டை அடாப்டராக மாற்றுங்கள். சிப் பத்திரமாக இருக்கும்.

இங்கே நேரக்கூடிய ஒரு தவறைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இது ஆளை நன்றாகக் குழப்பும். 11, 12 ஆகிய இரண்டு முகவரிக் கோடுகளையும் மாற்றி இணைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னலின் 8 கிலோபைட்டை நான்கு இரண்டு கிலோபைட் துண்டுகளாக எண்ணுங்கள். இரண்டு கோடும் 0 ஆக இருக்கும் முதல் துண்டுக்கும், இரண்டும் 1 ஆக இருக்கும் கடைசித் துண்டுக்கும் மாறி இணைத்தாலும் எந்த வித்தியாசமும் இல்லை. நடுவில் உள்ள இரண்டு துண்டுகள் மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். 65532-உம் 64738-உம் கடைசித் துண்டில் இருக்கின்றன. ஆகவே செயலி ஒழுங்காக எழுந்து, ஒழுங்காக முதல் கட்டளைகளைச் செய்து, ரேமைக்கூட அளந்து முடித்துவிடும். திரையைத் துடைக்க 59903-ஆம் முகவரிப் பக்கம் போகும்போதுதான் அங்கே வேறு எதையோ படித்து வழி தவறிவிடும். புரோகிராமரில் சிப்பைச் சோதித்தால் சரி என்று சொல்லும், மீட்டரில் எந்த ஷார்ட்டும் தெரியாது, ஆனாலும் கணினி எழாது. அதனால் மின்சாரம் கொடுக்கும் முன், இந்த இரண்டு கோடுகளையும் துளையிலிருந்து கால் வரை மீட்டரில் பீப் ஒலி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

எழுதுவதும் மாட்டுவதும்

உள்ளே எழுத வேண்டிய எண்களை ஓடுகிற இன்னொரு கொமடோர் 64-இலிருந்து படி எடுக்கலாம். 57344 முதல் 65535 வரையுள்ள முகவரிகளை ‘பீக்’ கட்டளையால் படித்து ஒரு கோப்பில் சேமித்தால் அதுவே கெர்னல். கோப்பு மிகச் சரியாக 8192 பைட் இருக்க வேண்டும். புரோகிராமர் மென்பொருளில் திறந்து கடைசி ஆறு பைட்டுகளைப் பாருங்கள். அது பதினாறு நிலை எண்ணில் காட்டும். பதின்ம எண்ணுக்கு மாற்றினால் 67, 254, 226, 252, 72, 255 என்று வர வேண்டும். நடுவில் நமக்குத் தெரிந்த 226, 252 இருக்கிறதா? அப்படியென்றால் கோப்பு தலைகீழாகவோ நகர்ந்தோ இல்லை.

பெரிய சிப் வாங்கியிருந்தால் ஒரு நுணுக்கம். டபிள்யூ27சி512-இல் 64 கிலோபைட் இடம். மேலே சொன்ன அடாப்டரில் அதன் 1, 26, 27 ஆகிய கால்கள் கூடுதல் முகவரிக் கோடுகளாகிவிடும். மூன்றும் 5 வோல்ட்டில் இருப்பதால் சிப்பின் கடைசி 8 கிலோபைட் மட்டுமே கணினிக்குத் தெரியும். கோப்பை முதல் 8 கிலோபைட்டில் எழுதிவிட்டு ஏன் ஓடவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. ஒரே கோப்பை எட்டுமுறை அடுத்தடுத்து எழுதி முழுச் சிப்பையும் நிரப்பிவிடுங்கள், கவலையே இல்லை.

இதே இடத்தை வைத்துத்தான் ஒரே சிப்பில் இரண்டு கெர்னல் வைப்பார்கள். 16 கிலோபைட் கொண்ட 27சி128-இல் ஒரு பாதியில் அசல் கெர்னல், மறுபாதியில் இன்னொன்று. 26-ஆம் காலை 5 வோல்ட்டிலிருந்து பிரித்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக மட்டும் 5 வோல்ட்டோடு சேர்த்து, தரைக்கு ஒரு ஸ்விட்ச் போட்டால் எதில் துவங்குவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 1541 டிஸ்க் டிரைவின் ஆமை வேகத்தைச் சரிசெய்ய வந்த ஜிஃபிடாஸ் கெர்னலைப் பலரும் இப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

பழைய சிப் பலகையோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருந்தால் பொறுமை வேண்டும். சிப் செத்தது உறுதி என்றால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சின்ன கட்டரால் 24 கால்களையும் உடலருகே வெட்டி, மிஞ்சிய கால்களைச் சூடு காட்டி ஒவ்வொன்றாக உருவுங்கள். முழுச் சிப்பையும் நெம்பினால் செம்புத் தடங்கள் பெயர்ந்து வந்துவிடும், அப்புறம் பலகைக்கே வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். துளைகளைச் சுத்தம் செய்து நல்ல சாக்கெட் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். சிப்பின் தலையிலுள்ள பள்ளம் பலகையில் வரைந்த பள்ளத்தோடு ஒரே பக்கம் இருக்கிறதா என்று இரண்டுமுறை பாருங்கள். திருப்பி மாட்டினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும், சில நொடிகளில் சிப் சுடும்.

எல்லாம் சரியென்றால் நீலத் திரையில் 38911 வந்து நிற்கும். அப்போது ‘பிரிண்ட் பீக்(65408)’ என்று தட்டிப் பாருங்கள். அந்த முகவரியில் கெர்னலின் பதிப்பு அடையாளம் இருக்கிறது. கடைசிப் பதிப்பான 901227-03 என்றால் 3 என்று பதில் வரும், இரண்டாம் பதிப்பு 0, முதல் பதிப்பு 170. வந்த பதிலை, எழுதிய தேதியோடு சேர்த்து, ஜன்னல்மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் குறித்துவிட்டு மூடியை மூடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் முதலில் தேடப் போவது அந்தக் குறிப்பைத்தான்.